ஈழத்திற் குழந்தை விற்பனையும் பதிவேடும்

கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ளது மூதூர். 1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத் துறையில் வீசிய புயலாற் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடும்பொருட்டு இக்குடாவை நாடி வந்தது. கரையிறங்கியோர் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பட்டனர். கப்பற்றலைவனின் மகன் றொபேட் நொக்ஸ் அவருள் ஒருவன். அப்போது அவனுக்கு வயது 19. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி நாட்டிற் சிறையிருந்து, 1679இல் தப்பி, 1681இல் அவன் இலண்டனில் வெளியிட்ட நூலை இலங்கை வரலாறு கற்போர் அனைவரும் அறிவர். அவர்கள் பிடிபட்ட மரத்தடியிற் பிற்காலத்தில் நினைவுக்கல்லும் நாட்டப்பட்டது.

நொக்ஸ் பிடிபட்ட அதே காலத்தில், கடலுக்கு அப்பால், தஞ்சை நாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. 1658இல் நாகபட்டினத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பெனியார் அப்பஞ்சத்தை ஒரு சந்தையாகக் கண்டனர். 1659 முதல் 1661 வரை சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்கும் மலாக்காவுக்கும் பத்தாவியாவுக்கும் அவர்கள் ஏற்றிய அடிமைகள் 8,000 முதல் 10,000 வரையினர் என ஆராய்ச்சியாளர் கணக்கிடுவர். பஞ்சகாலத்தில் முதலில் விலைப்படுவது குழந்தையே ஆதலின், அக்கூட்டத்திற் சிறாரும் பலராயிருந்தனர். மூன்று தசாப்தங்கள் கழித்து, 1694 தொடக்கம் 1696 வரை, தனியார் மட்டும் சோழமண்டலத்திலிருந்து இலங்கைக்குக் கொணர்ந்த அடிமைகள் 3,859 பேர். இத்தொகை ஒல்லாந்தரின் ஏடுகளிற் காணப்படுவது. ஓர் ஆங்கில இளைஞனின் சிறைவாசத்துக்குக் கல் உண்டு. இவர்களுக்கு உள்ளது கணக்கு மட்டுமே.

ஆயினும் அக்கணக்கை இகழ்தல் கூடாது. குழந்தைகளை விற்பதும் வாங்குவதும், பின்னர் அவற்றைச் சட்டம் தடுக்க முயன்றதும் ஆகிய வரலாறு முழுவதும் பதிவேட்டின் வரலாறாகவே அமைந்துள்ளது. யார் பதிந்தனர், யாரைப் பதிந்தனர், பதியாது விட்டால் நட்டம் யாருக்கு என்னும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொண்டே செல்வோமாயின், ஒவ்வொரு சட்டத்தின் உண்மையான வலிமையும் புலனாகும். அவற்றுள்ளும் மூன்றாவது வினாவே தலையாயது என்பது இக்கட்டுரையாளனின் கருத்து.

அந்நியரைக் குறைகூறப் புகுமுன் நம் வீட்டையும் நோக்குதல் வேண்டும். மூன்றாம் குலோத்துங்கசோழன் காலத்தில், 1201ஆம் ஆண்டளவிற் பொறிக்கப்பட்ட திருப்பாம்புரக் கல்வெட்டொன்று, பஞ்சத்திலிருந்து உயிர்தப்பும்பொருட்டு ஒரு வேளாளன் தன்னையும் தன் மகளிர் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியைக் கூறுகின்றது. தந்தை தன் விருப்பாற் செய்தான் என்று கொள்ளலாம். அம்மகளிர் இருவரின் விருப்பத்தைக் கேட்டவர் எவர்? இங்கு, நம் ஊரவர் சிலர் கோணேசர் கல்வெட்டை நினைக்கக்கூடும். குளக்கோட்டன் குடிகளைக் கொணர்ந்து இருத்திக் கோயிற்றொழும்பு வகுத்த செய்தியை அந்நூல் உரைப்பது உண்மையே. அத்தொழும்பு பரம்பரைக் கடமை. விலைக்கு மாறும் பொருளன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

இலங்கையில் அடிமைப் பிள்ளையின் நிலையை வரையறுத்த விதி மிக எளியது. தாய் அடிமையாயின் மகவும் அடிமை. தாய் எவருக்கு உடைமையோ மகவும் அவருக்கே உடைமை. ஒல்லாந்தர் கொணர்ந்த உரோம ஒல்லாந்தச் சட்டமும் இதனையே கூறிற்று; 1707இல் அவர்களது ஆணையாற் றொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் அடிமைகளுக்கென ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தது. பசுவும் கன்றும் போலத் தாயும் சேயும் எண்ணப்பட்டனர் எனின் மிகையாகாது. பின்வந்த சட்டங்கள் தாயின்மீதும் பெண்மகவின்மீதும் கண்வைத்தமைக்குக் காரணம் இதுவே.

ஆங்கிலேயர் இலங்கையிற் காலூன்றியது திருகோணமலையில். 1795ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் கோட்டை அவர்கள் கையில் வீழ்ந்தது. அடுத்த ஆண்டுக்குள் ஏனைய கரையோரப் பகுதிகளும் வீழ்ந்தன. அவர்கள் அடிமைமுறையை உடனே ஒழிக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்துச் சொத்துரிமைகளைக் காப்பதாக ஒப்பியிருந்தமையால், மனிதரும் அச்சொத்துக்களுள் அடங்கினர். மாற்றம் குழந்தைகளிடமிருந்தே தொடங்கிற்று. பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் அடிமையுடையோருடன் நெடுநாள் பேசி, 1816ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் தொட்டுத் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் மக்கள் அனைவரும் சுதந்திரராகக் கருதப்படுவர் என்னும் உடன்பாட்டுக்கு அவர்களுட் பலரை இணக்கினார். அந்நாள் இங்கிலாந்தில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசரின் பிறந்தநாள்.

இவ்வுடன்பாட்டிற் சேர்க்கப்பட்ட ஒரு நிபந்தனை ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. சுதந்திரராய்ப் பிறந்த அம்மக்கள் சிறுபருவம் கழியும்வரை தாயின் எசமானரது வீட்டிலேயே வளர்தல் வேண்டும்; உண்டிக்கும் உடைக்கும் ஈடாக அவ்வீட்டில் ஏவல் செய்தல் வேண்டும். தாயினின்று பிரிக்காது காக்கும் நோக்கம் இதில் இருந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆயினும் அடிமைச் சிறுமி ஒருத்தி செய்த வேலையையே சுதந்திரச் சிறுமியும் அதே அடுக்களையிற் செய்தாள். பெயர் மாறிற்று, பொழுது விடிந்தது முதல் அடையும்வரை செய்யும் பணி மாறவில்லை. ‘சோறு போட்டு வளர்க்கிறோம்’ என்று இன்றும் சிலர் கூறும் சமாதானத்துக்கு 200 ஆண்டுப் பழமை உண்டு.

1818ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பிரமாணம் இவ்வுடன்பாட்டுக்குச் சட்டவலு அளித்தது. தாயாரின் உடைமையாளர் விடுவித்த குழந்தைகளுக்கு அவ்விடுதலையின் முழுப்பயனும் கிட்டச் செய்தல், அடிமைகள் அனைவருக்கும் திறமான பதிவேடு அமைத்தல், ஓரடிமையைப் பலர் கூட்டாக உடைமைகொள்ளும் வழக்கை ஒழித்தல் என்பன அதன் நோக்கங்கள். இப்பிரமாணத்தின் ஆற்றல் எங்குள்ளது எனின், பதிவேட்டை அமைத்த முறையில் உள்ளது. பதிய வேண்டிய கடமை உடைமையாளனுடையது. அவன் சோம்பலாலோ செலவுக்கு அஞ்சியோ பதியாது விட்டானாயின், அடிமை முழுச் சுதந்திரம் பெற்றவராகக் கருதப்படுவார். ஏடு பேசாதிருந்தால் அப்பேசாமை அடிமைக்குச் சாதகமாகப் பொருள் கொள்ளப்பட்டது. ஏதுமற்ற ஒரு பிள்ளை தன் சுதந்திரத்தை நிறுவச் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. அப்பிள்ளை தனக்கு உரியது என்று நிறுவும் பாரம் எதிரியின் தலையில் விழுந்தது. அக்காலத்து அரசு பிற பல விடயங்களில் இரக்கமற்றதாயினும், இவ்வொரு விதியை இயற்றியவரின் கூர்மையை வியவாதிருத்தல் இயலவில்லை.

வடபுலத்தில் உடைமையாளர் பலர் 1816ஆம் ஆண்டு உடன்பாட்டைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே 1821இல் அரசாங்கம் வேறொரு வழியை மேற்கொண்டது. அங்கு அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த குலத்தாரிடையே பிறக்கும் பெண்மகவு ஒவ்வொன்றையும், பிறந்தவுடன் உடைமையாளருக்குச் சிறுதொகை கொடுத்து அரசே மீட்டுக்கொள்ளும் என்று பிரமாணம் செய்தது. ஏன் பெண்மகவு மட்டும்? அடிமைத்தனம் தாய்வழி இறங்குவது ஆதலின், ஒரு தலைமுறைப் பெண்கள் சுதந்திரராயின் அடுத்த தலைமுறை முழுவதும் சுதந்திரமாய்ப் பிறக்கும். குறைந்த செலவில் வேரை அறுக்கும் கணக்கு இது. கணக்குச் சரியே. ஆனால் அவளுடன் பிறந்த ஆண்மகவு அடிமையாகவே வளர்ந்தான். ஒரே தாய் வயிற்றில் ஒருத்தி சுதந்திரப் பிரசையாகவும் ஒருவன் சொத்தாகவும் பிறந்த விந்தையை அக்கால வீடுகள் கண்டன.

1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பேரரசில் அடிமைமுறையை ஒழித்தபோது இலங்கை அச்சட்டத்தினின்று விலக்கப்பட்டிருந்தது. இங்கு அம்முறை சட்டப்படி முற்றாக நீங்கியது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். அதற்குமுன் ஓராண்டு, 1843இல், கம்பெனியார் ஆண்ட இந்தியாவில் ஐந்தாம் சட்டம் நீதிமன்றங்கள் அடிமையுரிமையை ஏற்பதைத் தடுத்திருந்தது.

அடிமை என்னும் சொல் ஏட்டினின்று நீங்கியபின், ஏடும் மூடப்பட்டது. அடுத்த ஏறத்தாழ 100 ஆண்டுக் காலத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் வளர்ப்பு மகள், வேலைக்காரப் பெடியன் என்னும் பெயர்களாற் செல்வர் வீடுகளை அடைந்தனர். விலைச்சீட்டு எழுதப்படவில்லை, இடைநின்றவர் சிறு கைக்கூலி பெற்றனர், பெற்றோர் முற்பணம் பெற்றனர், சில வேளை பிள்ளைக்கு நல்வாழ்வு கிட்டியதும் உண்டு. இதுவே சட்டத்துக்குப் பெரும் இடர். அன்பால் வளர்ப்பவரையும் உழைப்புக்காக வைத்திருப்பவரையும் வாயிலில் நின்று பிரித்தறிவது எங்ஙனம்?

இதே இடரை ஹொங்கொங்கிலும் மலாயாவிலும் ஆங்கில அரசு எதிர்கொண்டது. சீனக் குடும்பங்களில் ‘மூய் சாய்’ எனப்பட்ட சிறுமியர் பணத்துக்குக் கைமாற்றப்பட்டு வீட்டுப்பணி செய்தனர். ஹொங்கொங் அரசு 1929இற் சட்டத்தைத் திருத்தி அவர்களைப் பதியுமாறு பணித்தபோது 4,000க்கு மேற்பட்டோர் பதியப்பட்டனர். ஆயின், பதிய விரும்பாதோர் ‘இவள் மூய் சாய் அல்லள், எம் வளர்ப்பு மகள்’ என்றனர். 1936இல் அனுப்பப்பட்ட ஆணைக்குழுவின் பெரும்பான்மையோர் பழைய சட்டமே போதும் என்றனர். ஈடித் பிக்ரன் ரேர்பெவில் என்னும் அம்மையார் மட்டும் தனித்து நின்று வேறு அறிக்கை எழுதினார். பெயரைப் பார்க்காதீர்கள், தாய்வீட்டினின்று கைமாறிய சிறுமியர் அனைவரையும் காவலுக்குள் கொணருங்கள் என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

இலங்கையின் 1941ஆம் ஆண்டு 24ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டத்தை இதனோடு ஒப்பிடுதல் தகும். அச்சட்டம் மகவேற்புக்கு நீதிமன்ற நடைமுறை வகுத்ததோடு அமையாது, பெற்றோரல்லாத ஒருவர் பிள்ளையொன்றைத் தம் பொறுப்பில் வைத்திருப்பின் அவர் காப்பாளராகப் பதிவு பெறல் வேண்டும் எனவும் விதித்தது. எப்பெயரால் வைத்திருக்கிறீர் என்னும் வினா அங்கு இல்லை; வைத்திருக்கிறீரா என்பதே வினா. எண்ணத்தால் இது 1818ஆம் ஆண்டுப் பிரமாணத்துக்கு நிகரானது. ஒரு வேறுபாடு உண்டு. 1818இற் பதியாதவன் பிள்ளைமீதுள்ள பிடியையே இழந்தான். 1941இற் பதியாதவர் குற்றவாளியாவார். ஆனால் அவரை எவரேனும் கண்டுபிடித்தல் வேண்டும். பாரம் மீண்டும் பிள்ளையின் பக்கம் சாய்ந்தது.

இதற்கு இரண்டாண்டு முன், 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் சிறுவர் நீதிமன்றங்களுக்கு வழி செய்திருந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது; பாடசாலை வரவிடாப்பு சிறுவர்களை நாள்தோறும் எண்ணும் பதிவேடாயிற்று. எனினும், வரவிடாப்பிற் பெயரேறாத பிள்ளையை அவ்விடாப்பு அறியாது. 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டம் பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர் ஆகியோரை வேலைக்கமர்த்துவதை ஒழுங்குபடுத்திற்று. துறைமுக மாவட்டத்தாராகிய நமக்கு அதிற் குறிப்பாக நோக்க வேண்டியது, கலங்களில் வேலை செய்யும் சிறுவர் பற்றிய ஏற்பாடு. கலங்களிற் சிறுவரை அமர்த்தலாகாது என்று விதித்த சட்டம், ஒரே குடும்பத்தவர் மட்டும் தொழில் செய்யும் கலத்துக்கு விலக்களித்தது. தந்தையோடு வள்ளத்தில் ஏறி அணியம் எது, கடையால் எது என்று கற்கும் மகனைக் குற்றவாளியின் கைப்பொருளாகக் கருத எவரும் உடன்படார்; விலக்கு நியாயமானதே. ஆயினும் குச்சவெளி முதல் மூதூர் வரையுள்ள கரைகளிற் பருவந்தோறும் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் வந்து வாடியடிக்கும் வழக்கை அறிந்தோர், ‘இவன் என் தமக்கை மகன்’ என்னும் ஒரு சொல்லைச் சோதிப்பது எத்துணை அரிது என்பதையும் அறிவர்.

பதிவேட்டையே வணிகப் பொருளாக்கிய காலம் இனி வருகின்றது. 1970களிலும் 1980களிலும் ஐரோப்பாவிலிருந்து மகவேற்க விரும்பியோர் இலங்கைக்குத் திரளாக வந்தனர். இடைத்தரகரும், சில மருத்துவமனைகளிற் பணிபுரிந்தோரும், வழக்கறிஞர் சிலரும் சேர்ந்து ஒரு வணிகத்தை நடத்தினர். பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் பொய்யாக எழுதப்பட்டன. உண்மைத் தாய்க்குப் பதிலாகக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் நின்று ‘இது என் பிள்ளை, மனமுவந்து கொடுக்கிறேன்’ என்றனர். கருவுற்ற ஏழைப் பெண்களையும் சிசுக்களையும் ஒன்றாக வைத்திருந்த வீடுகளைச் செய்தித்தாள்கள் ‘குழந்தைப் பண்ணை’ என்றழைத்தன. நெதர்லாந்துக்கு மட்டும் ஏறத்தாழ 3,400 குழந்தைகள் சென்றன. சுவிற்சர்லாந்துக்கு 1973 முதல் 1997 வரை 881 குழந்தைகள். எல்லாம் பொய்வழியிற் சென்றன என்பதன்று. எவை மெய்வழியிற் சென்றன என்று பிரித்தறிய அவ்வேடுகள் உதவா என்பதே கொடுமை. 1992ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால், வெளிநாட்டவர் தரகர் வழி பிள்ளைகளைப் பெறும் வாயில் அடைக்கப்பட்டது. அரசாங்க இல்லங்களிலும் அங்கீகாரம் பெற்ற இல்லங்களிலும் உள்ள பிள்ளைகளை மட்டும், நன்னடத்தை சிறுவர் பராமரிப்பு ஆணையாளர் வாயிலாகப் பெறலாம் என்று அது விதித்தது.

இதன்பின் சட்டங்கள் விரைந்து வந்தன. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றிருந்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தாற் றேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை தோன்றிற்று. மருத்துவப் பேராசிரியர் ஹரேந்திர த சில்வா அதன் முதற்றலைவர்.

ஆயின் இக்காலம் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலம். பிள்ளைகள் படைக்குச் சேர்க்கப்பட்டனர். விடுதலைப் புலிகள் 17 வயதுக்குட்பட்டோரைச் சேர்ப்பதில்லை என 1998இல் ஐக்கிய நாடுகள் பிரதிநிதியிடம் வாக்களித்த பின்னரும் அது நின்றபாடில்லை. 2004இல் அவர்களிடமிருந்து பிரிந்து பின் அரசோடு சேர்ந்த பிரிவினரும் அதனையே செய்தனர் என்பது ஐக்கிய நாடுகள் சபை அறிக்கைகளிற் பதிவாகியுள்ளது. அப்பிரிவினர் சிறுவரை விடுவிக்கும் உடன்படிக்கையில் அரசோடும் யூனிசெப்போடும் கைச்சாத்திட்டது 2008 டிசம்பரில். பள்ளிச் சிறுவர் வரவிடாப்பிலிருந்து மறைந்ததை ஆசிரியர்கள் கண்டனர். கண்டதைச் சொல்ல இடமிருக்கவில்லை. இதற்குமேல் இங்கு விரித்தல் வேண்டாம். இதனைப் படிப்போருட் பலர் இக்கட்டுரையாளனினும் நன்கு அறிவர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் மாவட்டத்தின் கரையெல்லாம் புகுந்தது. கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கினர். இவ்வேளையில் அரசு செய்தவற்றுட் பாராட்டத்தக்கது ஒன்றுண்டு: பேரலையால் அநாதைகளான பிள்ளைகளை மகவேற்பதை உடனடியாக நிறுத்திவைத்தது. 1980களின் பாடம் மறக்கப்படவில்லை. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் அப்பிள்ளைகளின் பராமரிப்பை அதிகார சபையின் கண்காணிப்பிற் கொணர்ந்தது. பிள்ளை யாருடையது என்பது தெளியும்வரை எவர் கையிலும் கொடாதிருத்தல், ஐயத்தைப் பிள்ளைக்குச் சாதகமாகத் தீர்ப்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் அதே நெறியைத் தண்டனைச் சட்டக்கோவையிற் புகுத்திற்று. சுரண்டும் நோக்கத்துடன் பிள்ளையொன்றைத் திரட்டுவதோ கொண்டுசெல்வதோ ஏற்பதோ, பிள்ளை இசைந்தாலும் இசையாவிட்டாலும் குற்றமே. தண்டனை 3 முதல் 20 ஆண்டுச் சிறை. சிறுவரைப் படைக்குச் சேர்ப்பதும் அதே திருத்தத்தாற் குற்றமாயிற்று. திருப்பாம்புரத்து மகளிர் இருவரிடம் எவரும் கேளாத அவ்விசைவை, இனிக் கேட்டாலும் பயனில்லை என்று சட்டம் சொல்ல 805 ஆண்டுகள் சென்றன.

கல்விக்கும் வேலைக்கும் இடையிலிருந்த இடைவெளி மெல்லவே மூடப்பட்டது. 1998 முதல் 14 வயது வரை கட்டாயமாயிருந்த கல்வி 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டது. ஆயின் 14 வயதிற் பிள்ளையை வேலைக்கமர்த்தச் சட்டம் தொடர்ந்து இடங்கொடுத்தது. 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் திருத்தமே அவ்வயதை 16 ஆக்கிற்று. புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுகளின்படி, சிறுவர் உழைப்பில் ஈடுபட்டோர் 2008–09இல் 107,259 பேர். 2016இல் 43,714 பேர். குறைவு மகிழ்ச்சிக்குரியது. பின்னைய தொகையில் 39,007 பேர் ஆபத்தான தொழில்களில் இருந்தனர் என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

1980களிற் கடல்கடந்த சிசுக்கள் இன்று நாற்பது வயதை எட்டியவர்கள். அவருட் பலர் தம் தாயரைத் தேடி இலங்கைக்கு வருகின்றனர். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதனை வெளிப்படுத்தியபோது அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன குழந்தைப் பண்ணைகள் இருந்தமையை ஒப்புக்கொண்டார். 2021இல் அந்நாட்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்ததும், நெதர்லாந்து அரசு வெளிநாட்டு மகவேற்பையே நிறுத்திவைத்தது. தேடி வருவோர் கையிற் கொணர்வது ஒரு கோப்பு. அதிற் பெயரும் ஊரும் முத்திரையும் கையொப்பமும் உள்ளன. அம்முகவரிக்குச் சென்று கதவைத் தட்டினால், நீதிமன்றத்தில் ஒரு நாள் தாயாக நிற்கக் கூலி பெற்ற வேறொருத்தி வெளியே வருவதும் உண்டு. 1818ஆம் ஆண்டுப் பிரமாணம் மனிதரை உடைமையாகக் கருதிய காலத்தது. அதன் தலைப்பிலேயே, பிள்ளையின் நிலையை அறியத் தாயார் யார் என்பது சொல்லப்பட்டிருந்தது.